டாஸுக்கு முன்னால் நடப்பது

ஐபிஎல் நாட்களில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து கிளம்பி, விமான நிலையத்தில் மெட்ரோ பிடித்து, அரசினர் தோட்டத்தில் இறங்கிச் சேப்பாக்கத்துக்கு நடக்கும் கூட்டத்தின் முதுகைப் பார்த்தாலே இந்த ஊர் எதை நம்புகிறது என்று தெரிந்துவிடும். மஞ்சள் சட்டை, ஏழாம் எண், தோனி. 2010, 2011, 2018, 2021, 2023 என்று சென்னை சூப்பர் கிங்ஸ் வென்ற ஐந்து கோப்பைகளும் அவர் வாங்கிக் கொடுத்தவை என்பது இங்கே யாரும் விவாதிக்கக்கூட எடுத்துக்கொள்ளாத விஷயம். கொஞ்சம் உள்விவரம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த ஒரு சிறு கூட்டம் மட்டும் வேறு மாதிரி பேசும்: களத்தில் தெரியும் முகம் தோனியுடையது, பின்னால் இருக்கும் மூளை ஸ்டீபன் ஃபிளெமிங்குடையது, 2009-லிருந்து அதே பயிற்சியாளர், அவர்தான் காரணம் என்பார்கள். கேப்டனா, கோச்சா என்ற இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன என்பதே என் வாதம். பதினோரு பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒரு சொந்தக்காரரைத் தேடுகிறார்கள். ஸ்கோர்கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கோப்பை வந்த வருடத்தையும் வராத வருடத்தையும் பிரித்துக் காட்டுவது கேப்டனும் இல்லை, கோச்சும் இல்லை. அந்த வருடம் யார் யார் அணியில் இருந்தார்கள், யாருக்கு உடம்பு ஒத்துழைத்தது, எந்த இடத்துக்கு யாரைப் பிடித்தார்கள் என்பதுதான். அதாவது, பெரும்பகுதி டாஸ் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த விவாதம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் இருபது வருடம் இதே கேள்வி ஓடியது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ஆறு முறை சூப்பர் பவுல் வென்றபோது, பெருமை பயிற்சியாளர் பில் பெலிசெக்குக்கா, குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020-இல் பிரேடி டாம்பா பே அணிக்குப் போனார். முதல் சீசனிலேயே கோப்பை. பெலிசெக் அதே சீசனில் ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி. 2024 ஜனவரியில் அணியை விட்டே விலகினார். வழக்கு தீர்ந்தது, வீரர்தான் பெரியவர் என்று அன்றைக்குத் தீர்ப்பு எழுதினார்கள். தோனியின் ரசிகர்கள் இந்தக் கதையைத் தங்களுக்குச் சாதகமாக இங்கே கொண்டுவருவார்கள். இரண்டு காரணங்களுக்காக அது பொருந்தாது. அந்த இறுதிப் போட்டியில் டாம்பா பே 31-9 என்று வென்றது. கான்சாஸ் சிட்டியை ஒரு டச்டவுன்கூட எடுக்கவிடாமல் அடக்கியது தடுப்பு அணி, பிரேடி அதில் ஆடுகிறவரே இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். குவார்ட்டர்பேக் என்பவர் தன் அணி தாக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்து, தானே எறிகிறவர். கிரிக்கெட் கேப்டனுக்கு அந்த இடம் இல்லை. பந்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு அவர் நிற்க வேண்டும்.

டி20 ஆட்டத்தில் எதிரணிக்கு வீச வேண்டியது 120 பந்து. ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது. ஆக ஐந்து பேராவது வேண்டும், பெரும்பாலும் ஆறு பேர். முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இருவர்தான் நிற்கலாம் என்பது விதி. புதுப் பந்தை ஸ்விங் செய்கிறவர் யார், கடைசி நான்கு ஓவருக்கு யார்க்கர் போடுகிறவர் யார் என்பது அணித் தேர்விலேயே தீர்மானமாகிவிட்டது. கேப்டனுக்கு மிஞ்சுவது வரிசையை முன்பின் மாற்றுவதும், ஃபீல்டரை நான்கடி தள்ளி நிறுத்துவதும், ரிவ்யூ கேட்பதா வேண்டாமா என்பதும். அந்த மிச்சத்தில் தோனி அளவுக்குச் சாமர்த்தியம் காட்டியவர்கள் மிகச் சிலர். விக்கெட் கீப்பராக ஸ்டம்புக்குப் பின்னால் நின்றதால் பந்தின் திசையும் பேட்டரின் கால் அசைவும் அவருக்கு மற்ற கேப்டன்களைவிடத் தெளிவாகத் தெரிந்தன. இதை மறுக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் மிச்சத்தில் காட்டிய சாமர்த்தியத்தை மொத்தத்துக்கும் காரணமாகச் சொல்வதை ஏற்க முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 2016, 2017 இரண்டு சீசனுக்கும் சென்னை அணி தடை செய்யப்பட்டது. தோனியும் ஃபிளெமிங்கும் சேர்ந்தே ரைசிங் புனே அணிக்குப் போனார்கள். அதே கேப்டன், அதே கோச். மாறியது கூட இருந்தவர்கள்தான். 2016-இல் அந்த அணி எட்டு அணிகளில் ஏழாவது, பதினான்கு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. அடுத்த வருடம் கேப்டன் பொறுப்பு ஸ்டீவ் ஸ்மித்துக்குப் போனது, தோனி கீப்பராக மட்டும் ஆடினார், பென் ஸ்டோக்ஸை 14.5 கோடிக்கு வாங்கினார்கள். அணி இறுதிப் போட்டிக்குப் போய் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. தோனி கேப்டனாக இருந்தபோது ஏழாவது, இல்லாதபோது இரண்டாவது. இதை வைத்து ஸ்மித் தோனியைவிடச் சிறந்த கேப்டன் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஸ்டோக்ஸ் வந்தார், அதனால் அணி மேலே ஏறியது என்போம். சரியான பதில்தான். அதே பதிலைச் சென்னையின் கோப்பைகளுக்குச் சொல்ல மட்டும் நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

தடை முடிந்து திரும்பிய பிறகான வருடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். 2020-இல் ஏழாவது இடம். அணி முதல்முறையாக பிளேஆஃபுக்குப் போகவில்லை. 2021-இல் சாம்பியன். 2022-இல் ஒன்பதாவது. 2023-இல் மறுபடி சாம்பியன். நான்கிலும் அதே ஃபிளெமிங். 2022-இன் முதல் எட்டு ஆட்டம் நீங்கலாக அதே தோனி. மாறாத ஒன்றை, மாறிக்கொண்டே இருக்கும் விளைவுக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. 2020-இல் சுரேஷ் ரெய்னாவும் ஹர்பஜனும் விலகிக்கொண்டார்கள், பிராவோ பாதியில் காயப்பட்டார். 2021-இல் மொயின் அலி வந்தார். ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன், டு பிளெஸிஸ் 633 ரன், தொடக்க ஜோடி இருவரும் அந்த சீசனின் முதல் இரண்டு இடத்தில். 2022-இல் 14 கோடிக்கு வாங்கிய தீபக் சாஹர் ஒரு பந்துகூட வீச முடியாமல் காயத்தில் படுத்தார். 2023-இல் கான்வே 672 ரன், ருதுராஜ் 590, ஷிவம் துபே 418, துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட், ஜடேஜா 20, பதிரானா 19. இந்தப் பெயர்களை எடுத்துவிட்டு அதே கேப்டனை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2020-உம் 2022-உம் சாட்சி.

2022-ஐப் பற்றி ஒரு பொய் நிலைத்துவிட்டது: ஜடேஜா கேப்டனாக இருந்து கெடுத்தார், தோனி திரும்பி வந்து நிமிர்த்தினார் என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஜடேஜா தலைமையில் எட்டில் இரண்டு வெற்றி. தோனி தலைமையில் ஆறில் இரண்டு. 2025-ஐயும் பார்க்கலாம். முழங்கைக் காயத்தால் ருதுராஜ் விலகும்வரை ஐந்தில் ஒன்று. தோனி பொறுப்பேற்ற பிறகு ஒன்பதில் மூன்று. அவர் திரும்பப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன்தான் எடுக்க முடிந்தது. அந்த சீசனில் அணி பத்தாவது, கடைசி இடம். இதற்காகத் தோனியை யாரும் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ரன் அடிக்கிறவர்கள் இல்லாத அணியை எந்தக் கேப்டனும் கரைசேர்க்க முடியாது. பிற்பாதியில் அணி கொஞ்சமாவது மூச்சுவிட்டது என்றால், அது நடுவில் அழைத்து வந்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகியோரால். மாத்ரேவுக்கு அப்போது வயது பதினேழு. பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். அவர்களைக் கண்டுபிடித்து, கூப்பிட்டு, வலையில் ஆடவிட்டுப் பார்த்தவர்களின் பெயரை எந்தச் சட்டையும் முதுகில் சுமப்பதில்லை.

ஆளைப் பிடிக்கும் வேலை என்று நான் சொல்வது என்ன என்பதை 2018 ஏலத்தில் நன்றாகவே பார்க்கலாம். அந்த ஜனவரியில் தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட வெறுங்கையோடு சென்னை ஏல மேசைக்குப் போனது. முந்தைய சீசனில் பெங்களூருவுக்காகச் சோபிக்காத ஷேன் வாட்சனை 4 கோடிக்கு எடுத்தார்கள். அம்பதி ராயுடு 2.2 கோடி. டு பிளெஸிஸ் 1.6 கோடி. முப்பத்தெட்டு வயதைக் கடந்த இம்ரான் தாஹிர் 1 கோடி. தீபக் சாஹர் 80 லட்சம். லுங்கி எங்கிடி 50 லட்சம். தாத்தாக்கள் அணி என்று நாடே கேலி செய்தது. ராயுடு அந்த சீசனில் 602 ரன் எடுத்தார். சாஹர் புதுப் பந்தில் விக்கெட் எடுக்கும் ஆளாக வளர்ந்து அடுத்த சீசனில் 22 விக்கெட் சாய்த்தார். அதே 2019-இல் நாற்பது வயதில் தாஹிர் 26 விக்கெட்டுடன் ஊதாத் தொப்பி வாங்கினார். வான்கடேயில் நடந்த 2018 இறுதிப் போட்டியில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்று, பிறகு 57 பந்தில் 117 அடித்து ஆட்டமிழக்காமல் முடித்தார். ஏல மேசையில் உட்கார்ந்தவர்கள் ஃபிளெமிங்கும் அணியின் தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதனும் அவர்களோடு வேலை செய்த சிலரும். ஒவ்வொரு இடத்துக்கும் என்ன வேலை, அந்த வேலைக்கு யார், அவருக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் விடையோடு போயிருந்ததால்தான் மற்றவர்கள் இளமைக்குப் பணத்தைக் கொட்டியபோது குறைந்த விலைக்கு இந்தப் பெயர்களை அள்ள முடிந்தது. அந்த வருடம் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது, மற்ற சொந்த ஆட்டங்கள் புனேக்குப் போயின. 2021-இல் சொந்த மைதானமே கிடையாது. சேப்பாக்கத்துச் சுழல் ஆடுகளம்தான் ரகசியம் என்பவர்களுக்கும் இந்த இரண்டு வருடங்களே பதில்.

இதே கதை 2008-லேயே தொடங்கிவிட்டது. தோனியை 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த அணியின் கிரிக்கெட் பொறுப்பில் இருந்தவர் வி.பி. சந்திரசேகர். தோனியே ஒரு தேர்வின் விளைவு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த ஆரம்ப வருடங்களில் பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி, அஸ்வின் என்று வந்தவர்கள் எல்லாம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் ஆட்டங்களில் உருவானவர்கள். நிறுவனங்கள் அணி வைத்து, வேலையும் சம்பளமும் கொடுத்து ஆடவிடும் அந்த லீக், இந்தியாவின் மிகக் கடினமான உள்ளூர்ப் போட்டிகளில் ஒன்று. வேளச்சேரி குருநானக் கல்லூரி மைதானத்திலும் மற்ற கல்லூரித் திடல்களிலும் வெயிலில் நடக்கும் அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் வராது. 2011 இறுதிப் போட்டியில் அஸ்வின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றினார். அந்த சீசன் முழுக்க 608 ரன் குவித்திருந்த இடதுகை ராட்சசன் அவர். பந்தை அஸ்வின் கையில் கொடுத்ததும், கேட்ச் பிடித்ததும் தோனிதான். ஆனால் புதுப் பந்தில் ஆஃப் ஸ்பின் வீசும் துணிச்சலும் பழக்கமும் அஸ்வினுக்கு அன்றிரவு வந்ததல்ல. கேப்டனிடம் அப்படி ஒரு ஆயுதம் இருந்ததற்குப் பின்னால் பல வருடத்து லீக் கிரிக்கெட் இருக்கிறது, பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் முரளி விஜய் 52 பந்தில் 95. வெற்றி 58 ரன் வித்தியாசத்தில். அதில் கேப்டனின் பங்கு என்ன என்று அளவெடுத்துச் சொல்லச் சொன்னால், நேர்மையான யாரும் கொஞ்சம் தயங்குவார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தோனி ஃபிளெமிங் இல்லாமலும் வென்றிருக்கிறார். 2007 டி20 உலகக் கோப்பை லால்சந்த் ராஜ்புத்தோடு, 2011 உலகக் கோப்பை கேரி கிர்ஸ்டனோடு, 2013 சாம்பியன்ஸ் டிராபி டங்கன் ஃபிளெட்சரோடு. 2008-இல் கெப்ளர் வெஸல்ஸ் பயிற்சியாளராக இருந்தபோதும் சென்னை இறுதிக்குப் போனது. கோச் மாறினாலும் கேப்டன் வென்றிருக்கிறார், ஆக கேப்டனே காரணம் என்கிறார்கள். கோச்தான் எல்லாம் என்பவர்களை இந்த வாதம் வாயடைத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்தை அது தொடவில்லை. 2011 ஏப்ரலில் உலகக் கோப்பையைத் தூக்கிய அதே கேப்டன் அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டையும் தோற்றார். உலகக் கோப்பையில் 21 விக்கெட் எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ஜாகீர் கான், லார்ட்ஸில் முதல் நாளே தொடைத்தசை பிடித்து வெளியேறினார். ஆட்ட வகை வேறு, ஊர் வேறு, பந்து வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான்கு மாதத்தில் ஒருவருடைய தலைமைப் புத்தி மங்கிவிடாது. பந்து வீச ஆள் இருந்தபோது வென்றார், இல்லாதபோது தோற்றார்.

அடுத்தது எதிர்த்திசையிலிருந்து வருவது: ஃபிளெமிங் தோனி இல்லாமல் எதையும் வெல்லவில்லையே? மெல்போர்ன் ஸ்டார்ஸ் அவர் பயிற்சியில் இரண்டு முறை இறுதிக்குப் போய்த் தோற்றது; ஜோபர்க்கிலும் டெக்சாஸிலும் சூப்பர் கிங்ஸ் பெயரிலேயே நடத்திய அணிகள் பிளேஆஃபோடு நின்றன. இதைச் சொல்கிறவர்கள் 2017 இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தை நினைத்துப் பார்க்க வேண்டும். புனேக்கு அந்தப் பந்தில் நான்கு ரன் தேவை. டான் கிறிஸ்டியன் அடித்தார், இரண்டு ஓடினார்கள், மூன்றாவதுக்கு ஓடும்போது ரன் அவுட். அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தால், தோனி கேப்டனாக இல்லாமல் ஃபிளெமிங் ஐபிஎல் வென்றார் என்று பதிவாகியிருக்கும், இந்த வாதமே பிறந்திருக்காது. 2019 இறுதியில் சென்னையும் அதே மும்பையிடம் அதே ஒரு ரன்னில் தோற்றது. கோப்பைகளை மட்டும் எண்ணி மனிதர்களை எடைபோடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த இரண்டு ரன்கள் போதும்.

கால்பந்தில் நம்மூர் அனுபவமே வேறு. சென்னையின் எஃப்சி 2015-இல் வென்றபோது மார்கோ மெட்டராஸியையும், 2018-இல் வென்றபோது ஜான் கிரிகரியையும் கொண்டாடினோம். கேப்டன் யார் என்று இன்று பலருக்கு நினைவில்லை. அந்த கிரிகரி அடுத்த சீசனிலேயே கடைசி இடம் பிடித்தார். அதற்கடுத்த சீசனில் அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது ஓவன் கோய்ல் நடுவில் வந்து இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். கோச் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்கு இது உண்மையான ஆதாரம், மறைக்க மாட்டேன். ஆனால் அவரிடம் அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் இருந்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஒரே ஊர், ஒரே ரசிகர்கள். ஒரு விளையாட்டில் கோச்சுக்கு முழுப் பெருமை, இன்னொன்றில் கேப்டனுக்கு. பெருமையைப் பங்குபோடும்போது நாம் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, கேமரா யாரை அதிகம் காட்டுகிறதோ அவரைப் பார்க்கிறோம்.

தோனியைக் கேட்காமல் சென்னை யாரையும் வாங்குவதில்லை, ஆகவே தேர்வின் பெருமையும் அவருக்கே என்று சொல்வார்கள். கேட்டிருப்பார்கள், நீண்ட அனுபவம் உள்ளவரைக் கேட்காமல் இருந்தால்தான் தவறு. ஆனால் அப்படிச் சொன்ன நிமிடமே வாதம் என் பக்கம் வந்துவிடுகிறது: முடிவைத் தந்தது தேர்வு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதோடு தேர்வின் பிழைகளும் பங்குக்கு வரும். மடிப்பாக்கத்தில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர் இரண்டு சீசன் சென்னை அணியில் இருந்தும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2022-இல் குஜராத்துக்குப் போய் அந்த வருடக் கோப்பையின் இறுதிப் போட்டியில் இரண்டு விக்கெட் எடுத்தார். சென்னை லீக்கில் வளர்ந்த சாய் சுதர்சனை 20 லட்சத்துக்குக் குஜராத் எடுத்துக்கொண்டது. 2023 இறுதியில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். இந்த நம்மூர்ப் பையன்களை விட்டுவிட்டது யார் என்று கேட்க வேண்டிய நாம், தல இருக்கிறார் என்று கேள்வியையே மடித்து வைத்துவிட்டோம். வீரர்களைத் தோற்றவுடன் தூக்கி எறியாமல் நம்பி வைத்திருப்பது தோனியின் குணம் என்பதும் பாதி உண்மை. 2019-இல் வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் சறுக்கியபோதும் இடம் போகவில்லை. கடைசியில் ஹைதராபாதுக்கு எதிராக 96 அடித்தார். அந்தப் பொறுமை கேப்டனுக்கு இருந்தது, கோச்சுக்கு இருந்தது. அந்தப் பொறுமையைக் காட்ட அவர்களை அனுமதித்த, பதினைந்து வருடத்துக்கும் மேலாக கோச்சை மாற்றாத நிர்வாகத்துக்கும் இருந்தது.

2023 இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். அகமதாபாத், மழை, நள்ளிரவு தாண்டிய நேரம், 15 ஓவரில் 171 இலக்கு. ராயுடு 8 பந்தில் 19 அடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்த தோனி மோகித் சர்மாவின் முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். ஓடி வந்தவரைத் தோனி அப்படியே தூக்கிக்கொண்டார். பிறகு கோப்பையை வாங்கப் போகும்போது ராயுடுவையும் ஜடேஜாவையும் கூட்டிக்கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுக்க வைத்தார். அன்றிரவு பெருமை யாருக்குப் போக வேண்டும் என்று தோனிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் பேனர்களில் யார் படம் பெரிதாக இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

இது வெறும் பெருமைக் கணக்கு என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இந்த நம்பிக்கை ஆட்டத்தைக் கெடுக்கிறது, வீரர்களைக் காயப்படுத்துகிறது. அந்த 2023 சீசனில்தான், தான் மேலே இறங்கினால் ரசிகர்கள் எப்போது அவுட் ஆவான் என்று காத்திருக்கிறார்கள் என்று ஜடேஜா ஒரு பேட்டியில் வாய்விட்டுச் சொன்னார். சொந்த அணியின் விக்கெட் விழும்போது சொந்த மைதானம் ஆர்ப்பரிப்பது, அடுத்து வருகிறவர் தோனி என்பதால். 20 விக்கெட் எடுத்து, இறுதிப் போட்டியை முடித்துக் கொடுத்தவருக்கு நாம் செய்த மரியாதை அது. அவர் 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். 2025 மார்ச் 28-இல் பெங்களூருவுக்கு எதிராக 197 இலக்கைத் துரத்தும்போது தோனி ஒன்பதாவதாக இறங்கினார், சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவின் முதல் வெற்றி. அவருடைய முழங்கால் முன்புபோல் இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று இரண்டு நாள் கழித்து வந்து விளக்கம் சொன்னவர் ஃபிளெமிங். வெற்றியில் ஓரமாக நிற்கும் கோச், தோல்வியில் மைக் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று வயது உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று அன்பாகச் சொல்லக்கூட இந்த நம்பிக்கை நம்மை விடவில்லை.

இதையெல்லாம் சுமக்கிறவர் தோனிக்குப் பின் வந்த கேப்டன். ருதுராஜின் முதல் சீசன் 2024. தோனி அளவுக்கு இல்லை என்று அப்போதே தீர்ப்பு வந்துவிட்டது. கான்வே காயத்தால் சீசன் முழுக்க இல்லை. பதிரானா பாதியில் காயத்தோடு ஊர் திரும்பினார். முஸ்தஃபிஸுர் தேசிய அணிக்காகப் போய்விட்டார். சாஹர் மறுபடி காயம். அப்படியும் பதினான்கில் ஏழு வெற்றி. மே 18, பெங்களூருவில் கடைசி லீக் ஆட்டம். பெங்களூரு 218 எடுத்திருந்தது, பிளேஆஃபுக்குப் போக சென்னைக்கு 201 போதும். கடைசி ஓவரில் 17 வேண்டியிருந்தது. யஷ் தயாளின் முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அடுத்த பந்தில் கேட்ச் கொடுத்தார். சென்னை 191-இல் நின்றது. ருதுராஜின் தலைமையைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், அந்தப் பத்து ரன்னை எழுதுவதற்கு முன், அன்று களத்தில் இல்லாத அந்த நான்கு பேரின் ஓவர்களையும் ரன்களையும் கூட்டிப் பார்க்கட்டும்.